தனி அறையில் இருந்த பாம்பு

வெண்டல் கிராப்ட்ரீக்குப் பாம்பு வாங்கத்தான் தெரியும், விற்கத் தெரியாது. ஓஹையோ ஆற்றங்கரையில் எங்கள் போர்ட்ஸ்மவுத் ஊரில் பாம்பு வளர்ப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. மற்றவர்கள் நிறம் பார்த்து வாங்குவார்கள், குஞ்சு பொரிக்க வைத்து விற்பார்கள். வெண்டல் பரிதாபம் பார்த்து வாங்குவார். கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுவது அவர் வேலை. சாப்பாட்டு இடைவேளையில் ஒரு கையில் சாண்ட்விச், மறு கையில் போன். தனி ஆட்கள் போடும் விளம்பரங்களில் அழுக்குத் தண்ணீர்க் கிண்ணமோ, உரிந்தும் உரியாத தோலோ கண்ணில் பட்டுவிட்டால் போதும், அந்தச் சாண்ட்விச் பாதியில் நின்றுவிடும்.

"வீடு மாறுறோம், அதான் குடுக்கறோம்" என்று எல்லோரும் எழுதுவார்கள். அமெரிக்காவே மூட்டை முடிச்சோடு வீடு மாறிக்கொண்டிருக்கிறதா என்று நமக்குச் சந்தேகம் வரும். வெண்டலுக்கு வராது. "இப்படி நீ வாங்க வாங்க, அவன் அந்தக் காசுல இன்னொண்ண வாங்கிப் பட்டினி போடுறான்" என்று நண்பர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அதுவும் உண்மைதான்.

இந்த வாங்கும் பைத்தியத்தில்தான் மனைவி ஜினா விட்டுப் போனாள். பதினான்கு வயது மகள் ஷெல்பியையும் கொலம்பஸுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஷெல்பி காலி செய்த அறையை வெண்டல் புதுப் பாம்புகளுக்குக் கொடுத்துவிட்டார். புதிதாக வரும் பாம்பைச் சில மாதங்களாவது தனி அறையில் வைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். அதில் அவர் கறார். யாராவது அவசரப்பட்டுச் சேர்த்தால் இணையத்தில் பக்கம் பக்கமாகத் திட்டுவார். ஆனால் அடுத்த விடுமுறைக்கு வந்த பெண், தன் கட்டில் இருந்த இடத்தில் பாம்புப் பெட்டியைப் பார்த்தாள். சோபாவில் ஒரு ராத்திரி படுத்துவிட்டுப் போனவள்தான், பிறகு வரவே இல்லை. மனுஷன் அதை யோசித்துச் செய்திருக்கலாம்.

பத்து வருடம் கழித்து, ஒரு செப்டம்பரில் அவளாகவே கூப்பிட்டாள்.

"அப்பா, சிரிக்கக் கூடாது. நானும் ஒரு பாம்பு வாங்கிட்டேன்."

"யாருகிட்ட?"

"நெட்ல ஒருத்தர்கிட்ட. வீடு மாறுறாராம்."

வெண்டல் சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அவருக்கே தெரியாது.

"பிஸ்கட் எப்படி இருக்கான்?"

பிஸ்கட் அந்த வீட்டின் முதல் பாம்பு. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சிறு மலைப்பாம்பு. ஷெல்பி நடக்கப் பழகும்போது அது குட்டி.

"கிழவனாயிட்டான். ஆனா எலியக் கண்டா வாலிபன்."

"பாக்கணும் போல இருக்குப்பா. வெள்ளிக்கிழமை வந்து ரெண்டு நாள் தங்கட்டுமா? இடம் இருக்கா?"

"உன் ரூம் அப்படியே இருக்கு கண்ணு" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டார்.

அந்த அறையில் அப்போது கோல்பி என்ற பையனிடம் வாங்கிய பெண் பாம்பு இருந்தது. டென்னசியிலிருந்து வந்து, பெட்ரோல் பங்க் ஓரத்தில் தலையணை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அது வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. வெண்டல் அவனுக்குச் செய்தி அனுப்பினார்: "உன்கிட்ட இருந்தப்ப சளி கிளி ஏதாவது இருந்துச்சா?"

"சேச்சே, கல்லு மாதிரி இருந்துச்சு சார். என் மத்தப் பாம்புங்க எல்லாம் சூப்பரா இருக்கு."

பாம்பும் நன்றாகத்தான் தின்றது. மூச்சில் சத்தமில்லை. வாயில் பஞ்சுக்குச்சி தேய்த்துப் பரிசோதனைக்கு அனுப்பினால் முடிவு வரப் பல நாளாகும். அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும். இன்னொரு முறை சோபாவைக் காட்டினால் இந்தப் பெண் திரும்பிப் பார்க்க மாட்டாள். வெண்டல் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரிய அறையில் மற்றப் பாம்புகளின் வரிசையில் வைத்தார். திரும்பி வந்து தரையைத் தேய்த்துக் கழுவி, புதுக் கட்டில் போட்டு, ஜன்னலுக்குத் திரை மாட்டினார்.

ஷெல்பி வந்தாள். அறையைப் பார்த்தாள், பையைக் கட்டில்மேல் வைத்தாள். அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது. பீன்ஸ் சூப்பும் சோள ரொட்டியும் சாப்பிட்டார்கள். பிஸ்கட்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டே வீடெல்லாம் சுற்றினாள்.

"என்னை ஞாபகம் இருக்குமா இவனுக்கு?"

"பாம்புக்கு ஞாபகமா? உன் கழுத்து சூடா இருக்கு, அவ்வளவுதான்."

"பொய்யாவது சொல்லேன்ப்பா."

"சரி, இருக்கு. தினமும் உன்னைத்தான் விசாரிப்பான்."

அடுத்த மாதமும் வந்தாள், அதற்கடுத்த மாதமும் வந்தாள். அந்த மூன்று மாதம் வெண்டல் ஒரு பாம்புகூட வாங்கவில்லை. நண்பர்கள் உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார்கள்.

டிசம்பரில் கோல்பியின் பாம்பு வாயைத் திறந்து திறந்து மூச்சு விட்டது. பக்கத்துப் பெட்டியிலும் அதே. பிறகு ஒரு காலை, பிஸ்கட்டின் மூக்கோரம் நுரை குமிழியிட்டது. வெண்டல் இணையத்தில் கோல்பியைத் தேடினார். அவன் கணக்கையே மூடிவிட்டுப் போயிருந்தான்.

விலங்கு மருத்துவர் அம்மாள் பரிசோதனை முடிவை வைத்துக்கொண்டு சுற்றி வளைக்காமல் சொன்னார். "நிடோ வைரஸ். இதுக்கு மருந்து இல்ல, வெண்டல். ஒரே ரூம்ல இருந்தா எல்லாத்துக்கும் வந்திருக்கும். கை, துணி மூலமாவும் பரவும். பிஸ்கட் ரொம்பக் கஷ்டப்படுறான். வலியில்லாம ஊசி போட்டு முடிச்சிடலாம்."

பிஸ்கட்டைக் கொண்டுபோன தலையணை உறையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பெரிய அறையிலிருந்து சளி இழுக்கும் சத்தம் கூடம்வரை கேட்டது. அந்தச் சனிக்கிழமை ஷெல்பி தன் பாம்பையும் கொண்டுவருவதாக இருந்தாள். போனை எடுத்தார்.

"நீ வராத கண்ணு."

"ஏன்ப்பா?"

சொன்னார். நோயைச் சொன்னார், பிஸ்கட்டைச் சொன்னார். அவள் அழுகிற சத்தம் கேட்டது.

"என்னோடதுக்கும் வந்திருக்குமா? போன தடவை நேரா வீட்டுக்குப் போய் அதைக் கையில எடுத்தேனே."

"டெஸ்ட் பண்ணிடு. வந்திருக்கலாம்."

"எப்படிப்பா வந்துச்சு? நீதான் புதுசு எதையும் சேக்கவே மாட்டியே, மாசக்கணக்குல தனி ரூம்ல வைப்பியே."

வெண்டல் பதில் சொல்ல வாயெடுத்தார். அவள் கட்டிலுக்காகத்தான் அந்தப் பெட்டியை இடம் மாற்றினேன் என்றால் அவளுக்குக் கோபம் வராது. ஆனால் பிஸ்கட்டையும், மற்றவற்றையும், தன் பாம்பையும் தன் கட்டில்தான் கொன்றது என்று ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருப்பாள்.

"இந்தத் தடவை சோம்பேறித்தனம் பண்ணிட்டேன்."

"சோம்பேறித்தனமா? நீ மாறிட்டேன்னு நெனச்சேன்ப்பா. எனக்குத்தான் புத்தி இல்ல."

"ஆமா கண்ணு, தப்பு என்னுதுதான்."

அவள் போனை வைத்துவிட்டாள். அந்தச் சனிக்கிழமை அவள் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.