நான்கு வாளி செவ்வாய்

பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம். கணவர் விவசாயம் பார்க்கிறார். நான் மண் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு குறுவைக்கு நாற்று விட்டிருந்த சமயம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். செவ்வாய்க் கிரகத்தில் மனிதர்கள் குடியேறலாமா என்று தொலைக்காட்சியில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"போகத்தான் வேணும்," என்றார் கணவர், சோற்றில் ரசத்தைப் பிசைந்தபடி. "ஒரே பூமிய நம்பி எத்தனை நாளைக்கு உக்காந்திருக்கறது? பெரிய கல்லு ஒண்ணு வந்து விழுந்தா மொத்தமும் போச்சு."

"அங்க போயி எதைத் திம்பாங்க?"

"நெல்லு போடுவாங்க."

"எதுல?"

"மண்ணுலதான்."

அந்த ஒரு சொல்லை என்னால் விட முடியவில்லை. பதினாறு வருடமாக மண்ணைப் பொட்டலம் பொட்டலமாகப் பார்த்து வருகிறவள் நான். அங்கே இருப்பது மண்ணே இல்லை, கல் தூள். வேரோ புழுவோ மட்கிய இலையோ கலக்காத தூள், போதாததற்கு நச்சு உப்பு வேறு, என்றேன்.

"நீ நட்டுப் பாத்தியா?" என்று கேட்டார்.

பார்க்கவில்லைதான். மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில், வீடு கட்டுகிற இடமொன்றில் சொல்லி, கல் உடைக்கும் ஆலையிலிருந்து வந்த தூளை இரண்டு சாக்கில் வாங்கி வந்தேன். அதில் உயிர் எதுவும் இருக்கக்கூடாது என்பதற்காகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய குக்கரில் போட்டு வேகவைத்தேன்.

"மண்ணுக்கு எத்தனை விசிலு?" என்று கேட்டுக்கொண்டே கணவர் அடுப்படியைச் சுற்றிச் சுற்றி வந்தார். சிரித்தாரே தவிர, நான்கு வாளிகளைக் கழுவிக் கொடுத்தவரும் அவர்தான். நச்சு உப்பை மட்டும் நான் சேர்க்கவில்லை. போகிறவர்கள் அதைக் கழுவி எடுத்துவிடுவார்கள் என்று வைத்துக்கொண்டேன்.

எங்கள் வயலில் நடவுக்கு ஆள் கூட்டி வருகிற அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். வாளிகளைக் குனிந்து பார்த்துவிட்டு, "இதுலயாம்மா?" என்றார். ஆனாலும் நாற்றின் வேரை அலசி, வாளிக்கு மூன்று குத்தாக, வயலில் நடுகிற அதே கவனத்தோடு நட்டுக் கொடுத்தார். வாளிகளை வீட்டுக்குப் பின்னால் வயல் வரப்போரம் வைத்து, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஊற்றினேன்.

பத்து நாளில் எல்லாம் மஞ்சளாகிவிட்டது. வரப்புக்கு அந்தப் பக்கம் அதே நாற்று கரும்பச்சையாகத் தூர் கட்டிக்கொண்டிருந்தது. நான் சொன்னதுதான் சரி என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஏனோ தினமும் காலையில் பல் விளக்குவதற்கு முன்பே போய், குருத்து ஏதாவது விட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

களை எடுக்க வந்த அன்று அந்த அக்கா, வயல் சேற்றில் ஒரு கை அள்ளி ஒரு வாளியில் போடப் போனார்.

"அக்கா, போடாதீங்க. அங்க ஏது வயலு?"

"ஏம்மா, போறவங்க வெறுங்கையோடவா போவாங்க? எங்க சின்னம்மா மலேசியாவுக்குக் கப்பலேறுனப்ப கருவேப்பிலைக் கன்னு ஒண்ணத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போச்சு."

"சேறு சரி, எருவும் வேணுமே, அங்க மாடு இருக்காதே," என்றேன்.

"மாடு இல்லாட்டிப் போவுது. மனுசன் இருப்பான்ல? அவன் வெளிய போறதெல்லாம் எங்க போவும்?"

வரப்பில் நின்ற கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை, அது மிகச் சரியான கேள்வி. இரண்டு வாளிகளில் சேறும், மனிதக் கழிவுக்குப் பதிலாகச் சாணிக் கரைசலும் விட்டோம். மற்ற இரண்டையும் அப்படியே வைத்தோம்.

சும்மா விட்ட இரண்டும் காய்ந்து போயின. சேறு விட்டவை தேறின. இலை சிறுத்து, தண்டு மெலிந்து, வயலை விடப் பதினைந்து நாள் தாமதமாகக் கதிர் வந்தது. உருவிப் பார்த்தால் பாதிக்கு மேல் பதர். மிச்சம் என் உள்ளங்கையில் அடங்கிவிட்டது.

"இதுக்கா இவ்வளவு பாடு?" என்றார், போகத்தான் வேண்டும் என்று சொன்ன கணவர். நானோ, அடுத்த தடவை எவ்வளவு சேறு போட்டால் போதும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மனிதன் போகலாமா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அங்கே இருப்பது மண்ணே இல்லை என்று அன்றைக்குச் சொன்ன வேகம் மட்டும் என்னிடம் இல்லை.

பக்கத்து வயல் அறுவடைக்கு வந்திருந்த அந்த அக்காவைக் கேட்டேன்: "கூப்பிட்டா நீங்க போவீங்களா?"

அவருடைய வீட்டுக்காரர் இரண்டு வருடம் என்று வளைகுடாவுக்குப் போய் ஐந்தாவது வருடம் திரும்பியவர். "திரும்பி வர வழி இருக்கா?" என்றுதான் அக்கா முதலில் கேட்டார்.

"போகவே ஏழெட்டு மாசமாம். திரும்புறது சந்தேகந்தான்."

"போறவன் தெரிஞ்சு போறான், அது அவன் பாடு. அங்க பொறக்குற புள்ளைய யாரு கேட்டா? அதுக்கு ஒரு மழைய எப்படிக் காட்டுவாங்க?"

"நம்மள மட்டும் கேட்டா பெத்தாங்க?" என்றார் கணவர்.

"நமக்குத்தான் மழை இருக்கே!"

கணவர் ஏதோ சொல்ல, அக்கா மறுக்க, நான் இடையில் புகுந்து கண்ணாடிக் கூரைக்குக் கீழே குழாய் வைத்து மழை மாதிரி தூவலாம் என்று விளக்க, நின்ற இடத்திலேயே மூன்று பேரும் வெகுநேரம் பேசினோம். ஆட்களை ஏற்றிப் போகிற வண்டி ரோட்டில் இரண்டு முறை ஹாரன் அடித்த பிறகுதான் அக்கா அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.