ஒரே முகவரி

1. எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு கிளையிலும் ஊழியர்கள் நேரில் வந்து கேட்கும் எச்.ஆர். ஜன்னலை மூடி, எல்லா வேலையையும் சென்னையில் ஒரே சேவை மையத்துக்கு மாற்ற முடிவானது.
2. தூத்துக்குடிக்கு நான் பொறுப்பு. படிவங்களையும் விதிகளையும் எழுதினேன்.
3. ஜன்னலை மூடி, கேக் வெட்டினோம்.
4. பதினோராம் நாள், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒருவரின் அப்பாவுக்கு இதய ஆபரேஷன் என்று வந்த காப்பீட்டு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.
5. நிராகரித்தது என் விதி.

பெற்றோரின் முகவரியும் ஊழியரின் முகவரியும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது அந்த விதி. போலிப் பதிவுகளைத் தடுக்குமாம். மீட்டிங்கில் இதற்குக் கைதட்டல் வாங்கியிருந்தேன்.

அந்த கிரேன்காரர் காயல்பட்டினத்துக்காரர். அவர்கள் வழக்கப்படி அவரைக் காக்கா என்போம்; அண்ணன் என்று அர்த்தம். நேரே என் மேஜைக்கு வந்தார்.

"தங்கச்சி, உள்ளூர் ஜன்னலை அணுகணும்னு மெசேஜ் வந்துருக்கு. போய்ப் பார்த்தா ஜன்னல்ல தண்ணி கேன் இருக்கு."

"அட்ரஸ் ஏன் காக்கா வேற வேற போட்டிருக்கீங்க?"

"நான் இருக்கது பொண்டாட்டி வீடு. வாப்பா இருக்கது எங்க உம்மா வீடு. அவுகளே அங்க மாப்பிள்ளையா வந்தவுகதான். இப்ப அவுகளத் தூக்கி என் மாமியார் வீட்ல குடிவைக்கவா? நாளைக்குக் காலைல ஆபரேசன்."

காயலில் கல்யாணமான ஆண் மனைவி வீட்டில்தான் குடியிருப்பார். இது எனக்குத் தெரியாததில்லை. போன வருடம் காக்காவின் மகள் கல்யாணத்தில், மாப்பிள்ளை அந்த வீட்டுக்குக் குடிவந்ததை போனில் படம் பிடித்தவள் நான். பிரியாணியும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

சென்னைக்கு போன் செய்தேன். அங்கிருந்த பெண் மிக மரியாதையாக, விதிவிலக்குக்கு மூன்று வேலைநாள் ஆகும் என்றாள். அந்த மூன்றும் நான் போட்டதுதான். அவசரமென்றால் தூத்துக்குடிப் பொறுப்பாளர் ஒப்புதல் தரலாம் என்றாள். சிஸ்டத்தில் என் பெயரை அழுத்தினேன். ஜன்னல் மூடிய அன்றே என் அனுமதியை எடுத்துவிட்டிருந்தார்கள். யார் யார் அனுமதியை எடுக்கவேண்டும் என்ற பட்டியலையும் தயாரித்து அனுப்பியவள் நானே.

"என்ன தங்கச்சி, ஒன் சிஸ்டத்துக்கு ஒன்னையே தெரியலியா?" என்றார் காக்கா. சிரிக்கவில்லை.

மேலதிகாரிக்கு போன் செய்து, விதி தப்பு, எழுதியது நான் என்றேன். "மெயிலில் எழுது" என்றார். எழுதினேன். என் வாழ்க்கையிலேயே பட்டியல் போடாமல் எழுதிய மெயில் அது ஒன்றுதான். சாயங்காலம் ஷிப்ட் முடியும் முன் ஒப்புதல் வந்தது.

வாப்பா ஆபரேஷன் முடிந்து உம்மா வீட்டில் நடமாடுகிறார். முகவரி விதியை எடுத்தாயிற்று. செவ்வாயும் வியாழனும் காலையில் ஜன்னல் திறந்திருக்கிறது. உள்ளே நான் இருக்கிறேன். தண்ணீர் கேன் என் காலடியில் இருக்கிறது.