மாடி வீட்டுக்கு அம்மை வந்த பங்குனி

அம்மாவுக்குப் பிரஷர் பார்ப்பது காலைக் காபிக்கு முன்னால். நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, இடது கையை மேசைமேல் நீட்டச் சொல்லி, பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்துவேன். கருவி உறுமிக்கொண்டே கையை இறுக்கும். அப்போது பேசக் கூடாது. அம்மா அப்போதுதான் பேசுவாள்.

"ஏட்டி, இதைக் கண்டுபிடிச்சவன் அவுக அம்மா கையில இப்பிடி மாட்டிப் பாத்திருப்பானா?"

"பேசாத. நம்பர் கூடிரும்."

"கூடுனா கூடட்டும். சம்பளமா கூடுது?"

எண்கள் வந்து நின்றதும் என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தின் தலையில் எழுதிவிடுவேன். மேல் எண், கீழ் எண், நாடி. பிறகு மாத்திரைகளை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, தண்ணீர்த் தம்ளரைக் கொடுப்பேன். இரண்டு வருஷமாக இந்த வரிசை மாறியதில்லை.

இதற்கெல்லாம் காரணமான மாரடைப்பு வலியே இல்லாமல் வந்தது. அம்மாவுக்கு வியர்த்தது, அவ்வளவுதான். சிவகாசி வெயிலுக்கு யாருக்கு வியர்க்காது என்றுதான் இருவரும் நினைத்தோம். பிழைத்தது நூலிழையில். விருதுநகரில் அவளைப் பார்த்துவரும் இதய மருத்துவர் அன்று ஒன்று சொன்னார்: "மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. இவங்களுக்கு அடுத்த தடவை முன்னறிவிப்பு இருக்காது." அந்த வாக்கியத்தோடுதான் நான் தினமும் எழுந்திருக்கிறேன். குளியலறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். அம்மா தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று வாசலில் நின்று பார்ப்பேன். சேலை மடிப்பு அசைந்த பிறகுதான் நகர்வேன்.

எனக்கு அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலை. பங்குனியில் அடுத்த வருஷத்துத் தினசரி காலண்டருக்கான தாள்கள் வரத் தொடங்கிவிடும். ராகு காலம், நல்ல நேரம், விரத நாட்கள் எல்லாம் மூலத்தில் இருப்பதுபோலவே தாளிலும் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டுச் சரியாக இருந்தால் சரிதான் என்று நம்பிப் பழகியவள் நான்.

அந்தப் பங்குனியில் எங்கள் மாடியில் குடியிருக்கும் தம்பதியின் சிறு மகளுக்கு அம்மை போட்டது. கழுத்திலும் முதுகிலும் நீர் கோத்த முத்துகள். கேள்விப்பட்டதும் அம்மா தானே போய் வேப்பங்கொத்தை ஒடித்துவந்து மஞ்சள் கயிற்றில் கட்டி வாசல் நிலையில் தொங்கவிட்டாள். மாடிக்கும் கீழ் வீட்டுக்கும் வாசல் ஒன்றுதான். அன்றிலிருந்து எங்கள் அடுப்பிலும் தாளிப்பு நின்றது. தலைக்கு எண்ணெய் இல்லை. வந்தவர்களை வேப்பிலையைக் காட்டியே திருப்பி அனுப்பினாள்.

"அம்மை மாடியிலதானம்மா? நாம எதுக்கு உப்புச்சப்பில்லாம சாப்பிடணும்?" என்று கேட்டேன்.

"ஒரே வாசல்ல ஏறித்தானே போயிருக்கா. நம்மளப் பாக்காமயா போயிருப்பா?" என்றாள். இருக்கன்குடி மாரியம்மன் அவளுக்குப் படத்தில் இருப்பவள் அல்ல, வந்து போகிற உறவுக்காரி.

மூன்றாம் நாள் மேல் எண் ஏறியது. கருவியில் கோளாறோ என்று என் கையில் மாட்டிப் பார்த்தேன். எனக்குச் சரியாகவே காட்டியது. மறுநாள் இன்னும் ஏறியது. அடுத்த நாள் நூற்றெழுபதைத் தாண்டியது. நாடியும் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவோ கூழைக் கரைத்துக்கொண்டு, மாடிக் குழந்தைக்கு இளநீர் வெட்டி அனுப்பிக்கொண்டு, எப்போதையும்விடச் சுறுசுறுப்பாக இருந்தாள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. மாரடைப்பு வந்த அன்றும் அவள் காலையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"விருதுநகர் போயிட்டு வந்துருவோம்மா."

"வேப்பிலை கட்டுன வாசலைத் தாண்டி ஊருக்குப் போகக் கூடாது. நீ வேணும்னா வேலைக்குப் போற மாதிரி போயிட்டு வா. என் நம்பரைத்தான் எழுதி வச்சிருக்கியே, அதைக் காட்டு. அவரு அதைத்தானே பாக்காரு, மூஞ்சியையா பாக்காரு?"

நாட்குறிப்போடு தனியாகப் பஸ் ஏறினேன். திருத்தங்கல் தாண்டியதும் ஒரே நினைப்புதான். நான் இல்லாத இந்த நேரத்தில் அவள் விழுந்துவிட்டால்? இரண்டு முறை போன் செய்தேன். இரண்டாவது முறை, "உசுரோடதான் இருக்கேன், வை" என்றாள்.

மருத்துவர் பக்கங்களைப் புரட்டினார். "மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போடுறாங்களா?"

"நானே எடுத்துக் குடுக்கேன் சார். ஒரு வேளைகூட விட்டதில்ல."

"அப்ப இந்த அளவு பத்தல." நாடியைக் குறைக்கிற மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கினார். இன்னொன்றைப் புதிதாகச் சேர்த்தார். "எறங்கலைன்னா கட்டாயம் கூட்டிட்டு வந்துருங்க."

புது மாத்திரைகளை மறுநாள் காலையிலிருந்து கொடுத்தேன். எண் இறங்கவில்லை. விருதுநகருக்குக் கூப்பிட்டால், வேப்பிலை அவிழ்த்த பிறகு பார்க்கலாம் என்றாள். அம்மா தம்ளரோடு சாமி அலமாரிப் பக்கம் திரும்பி நின்று விழுங்குவாள். இந்த நாட்களில் எல்லாவற்றையும் அம்மனைப் பார்த்துத்தான் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாடிக் குழந்தைக்கு முத்து உதிர்ந்து, தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று, அம்மாவும் தலைக்குக் குளித்தாள். வேப்பங்கொத்தை அவிழ்த்துக் கிணற்றடியில் போட்டுவிட்டு வந்து, நான் கேட்பதற்கு முன்பே கையை நீட்டினாள்.

"மாத்திரையைக் குடு."

அவள் தானாகக் கேட்டதில் எனக்குச் சின்ன சந்தோஷம்கூட. அன்று அலமாரிப் பக்கம் திரும்பாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள்.

அச்சகத்தில் ஆடி மாதத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மாடி வீட்டுப் பெண், அந்தக் குழந்தையின் அம்மா.

"அக்கா, சீக்கிரம் வாங்க. பெரியம்மா கீழ விழுந்துட்டாக. கூப்பிட்டா முழிக்கிறாக, திரும்பக் கண்ணைச் சொருகுறாக. ஒடம்பு ஜில்லுனு இருக்கு."

நான் போவதற்குள் அவள் ஆட்டோ பிடித்து வைத்திருந்தாள். அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். மணிக்கட்டில் நாடியைத் தேடினேன். தினமும் கருவியில் பார்ப்பதை என் விரலால் பார்க்கத் தெரியவில்லை. கிடைத்தது. பிறகு கிடைக்கவில்லை. வெகு நேரம் கழித்து மறுபடி ஒன்று.

ஆட்டோ ஹாரனை அலறவிட்டபடி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் காவலாளியும் இரண்டு நர்சுகளும் வாசலுக்கு ஓடிவந்தார்கள். "எந்தக் கம்பெனிம்மா? எத்தனை பேரு?" என்று கேட்டார் காவலாளி. பட்டாசுக் கம்பெனிகள் நிறைந்த இந்த ஊரில் வேகமாக வரும் எந்த வண்டியையும் அப்படித்தான் கேட்பார்கள். "வெடி இல்லண்ணே, அம்மா மயங்கிட்டாக" என்றேன். அவர் முகம் தளர்ந்ததைப் பார்த்தேன். எனக்குத் தளரவில்லை.

பணியில் இருந்தவர் இளம் மருத்துவர், பெண். இசிஜி தாளை நீளமாக இழுத்துப் பார்த்தார். பிரஷர் தரையில் கிடந்தது. நாடி நாற்பதுக்குக் கீழே.

"புதுசா மாத்திரை ஏதாவது ஆரம்பிச்சீங்களா?"

"போன வாரம் அளவைக் கூட்டினாங்க. அன்னையிலேர்ந்து தினமும் போடுறாங்க."

"ஒரு வாரமா போட்டது இன்னைக்குத் திடீர்னு இப்படிக் கவுக்காது." தாளை மறுபடி பார்த்தார். "ஹார்ட்லயே பிரச்சினை மாதிரி தெரியுது. பேஸ்மேக்கர் வைக்க வேண்டி வரலாம். இங்க வசதி இல்ல. மதுரைக்குக் கொண்டுபோயிடுங்க, ஆம்புலன்ஸ் சொல்றேன்."

மதுரை வரை இந்த நாடி தாங்குமா? கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். சலைன் துளிகள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவற்றுக்கும் இந்த நாடிக்கும் ஏதோ பந்தயம் போலிருந்தது.

ஆம்புலன்ஸ் வந்துவிட்டது என்றார்கள். மருத்துவர் மதுரைக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இன்னொரு முறை கேட்டார்: "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மாத்திரை நடுவுல நின்னுச்சா?"

"இல்ல மேடம். எல்லா நாளும் நானே கையில குடுத்தேன்."

என் சேலை முந்தியை யாரோ இழுத்தார்கள். அம்மா. கண் முழுதாகத் திறக்கவில்லை.

"கையிலதானே குடுத்தே" என்றாள்.

மருத்துவர் பேனாவை நிறுத்திக் குனிந்தார். "என்ன சொல்றீங்க பாட்டி?"

"அவ வந்து இறங்கியிருக்கையில நாம இங்கிலீஷ் மருந்து திங்கலாமா? அம்மை போடவும் நிப்பாட்டிட்டேன். இன்னைக்குத்தான் போட்டேன்."

அம்மை கண்டவருக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வது எனக்கும் தெரியும். மாடியில் குழந்தைக்கு வந்த அம்மை, கீழே இருக்கும் இதய நோயாளியின் மாத்திரையையும் நிறுத்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மாத்திரை போடாததால் ஏறிய எண்ணை, மாத்திரை போட்டும் ஏறியதாக நான் எழுதிக்கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன். அதற்காகக் கூட்டிய அளவு முழுவதும், கூழும் இளநீருமாக இளைத்துக் கிடந்த உடம்பில் ஒரே காலையில் இறங்கியிருக்கிறது.

மருத்துவரின் குரல் மாறியது. "இன்னைக்கு எத்தனை போட்டீங்க? விட்டதையெல்லாம் சேத்துப் போட்டீங்களா?"

"இவ குடுத்தது மட்டுந்தான். மத்தது மாரியாத்தாகிட்ட இருக்கு. திருநீத்துச் சட்டியில."

"இவங்க சொல்றதை அப்படியே எடுத்துக்க முடியாது" என்றார் மருத்துவர் என்னிடம், தணிந்த குரலில். "மிச்சம் அங்க இருக்கான்னு தெரிஞ்சாகணும். எல்லாத்தையும் முழுங்கியிருந்தா மதுரை போனாலும் கஷ்டம்."

மாடி வீட்டுப் பெண்ணுக்குப் போன் போட்டேன். அவள் கீழே ஓடும் காலடி கேட்டது. அலமாரி திறக்கும் சத்தம். பிறகு சட்டியைக் கிண்டும் சத்தம். நான் அம்மாவின் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். குளிர்ந்திருந்தது.

"திருநீத்துக்குள்ள பொதைச்சு வச்சிருக்காக அக்கா. கிண்டிக் கிண்டி எடுக்கேன். தட்டுல பரப்பிப் போட்டோ எடுத்து அனுப்பவா?"

படம் வந்தது. எவர்சில்வர் தட்டில் சாம்பல் பூசிய மாத்திரைகள். சிறியவை, பெரியவை, பாதி உடைந்தது ஒன்று. படத்தை விரித்து, அச்சுத்தாளைப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வேப்பிலை கட்டிய நாளிலிருந்து நான் கொடுத்த பழையவை, பிறகு கொடுத்த புதியவை. கண் நிறைந்து மங்கியதால் மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது முறையும் அதே கணக்கு வந்தது. அன்று காலை கொடுத்தவை மட்டும்தான் அங்கே இல்லை.

மருத்துவர் மதுரைக் கடிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். "அப்ப மாத்திரை வேலைதான். மருந்து குடுத்துப் பாப்போம். வண்டி நிக்கட்டும்."

வண்டி நின்றது. அதன் ஓட்டுநர் இரண்டு முறை எட்டிப்பார்த்தார். ஊசி போட்டார்கள், மறுபடி போட்டார்கள். திரையில் எண் நாற்பதைத் தொட்டது, கீழே விழுந்தது, மறுபடி தொட்டது. சாயங்காலம் ஐம்பதில் நிலைத்த பிறகு ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டார்கள். அம்மா கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, "தாளிச்சு ஒரு ரசம் கெடைக்குமா?"

நான் அழுதேனா சிரித்தேனா என்று நாட்குறிப்பில் இல்லை.

வீட்டுக்கு வந்த அன்று மாடி வீட்டுப் பெண் என்னைத் தனியாகக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். "அக்கா, பெரியம்மாகிட்ட சொல்லிறாதீக. பிள்ளைக்கு நாங்க மொத நாளே டாக்டர்ட்டக் காட்டி மருந்து குடுத்தோம். வைவாகன்னுதான் மறைச்சோம்."

அம்மை கண்ட குழந்தை மருந்து குடித்திருக்கிறது. கீழே அம்மாதான் அதற்கும் சேர்த்து நோற்றிருக்கிறாள். நான் இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

விருதுநகர் மருத்துவர் பழைய அளவுக்கே திரும்பிவிட்டார். திட்டவில்லை. "எழுதுறது நல்லதுதான். ஆனா வாயையும் பாருங்க" என்றார்.

அதிலிருந்து என் பயம் வேறு மாதிரி ஆகிவிட்டது. முன்பு எண் ஏறினால் பயம். இப்போது இறங்கினாலும் பயம். பழைய நாட்குறிப்புகளை எடுத்து, சஷ்டியிலும் ஆடி வெள்ளிகளிலும் எண் எப்படி இருந்தது என்று தேடிப் பார்த்தேன். சில நாட்கள் ஏறியிருக்கின்றன. அன்றும் நிறுத்தினாளா, வெறும் ஏற்றம்தானா? கேட்டால், "ஞாபகம் இல்லட்டி" என்கிறாள். உண்மையாகவே இல்லாமலும் இருக்கலாம்.

வைகாசியில் ஒரு காலை, கோலம் போட வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். எதிர் வீட்டு நிலையில் பச்சை வேப்பங்கொத்து. அம்மாவின் நாற்காலியைப் பின்கட்டுக்கு மாற்றிவிடலாமா, சன்னலைச் சாத்திவிடலாமா என்றெல்லாம் நினைத்தேன். எத்தனை நாள் சாத்தி வைப்பது? கோலமாவை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனேன்.

"எதுத்த வீட்டுல அம்மை போட்டிருக்கும்மா."

"விடியக்காலையே பாத்துட்டேன்."

கருவியை மாட்டினேன். இன்று அவள் பேசவில்லை. எண்ணை எழுதினேன். மாத்திரையை எடுத்தேன், கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பாத்துக்கிட்டே நிக்க? அது அவுக வாசல். நம்ம வாசலுக்கு வரல." கையை நீட்டினாள். "நம்ம வாசலுக்கு வந்தா நானே உன்கிட்டச் சொல்றேன். நீ அந்த டாக்டர்ட்டக் கேட்டுட்டு வா. அதுக்கப்புறம் நானும் அவளும் பேசிக்கிறோம்."

விழுங்கினாள். தம்ளரை வைத்துவிட்டு, கேலியாக வாயை அகலத் திறந்து காட்டினாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

நான் சிரிக்கவில்லை. "நாக்கைத் தூக்கும்மா" என்றேன். தூக்கினாள். வெளிச்சம் படும்படி அவள் முகவாயைச் சன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன்.