நாற்பத்தெட்டு வோல்ட் பட்டனும் நானும்

இன்று மலையிலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில் என் காதில் பெரிய ஹெட்போன். அதைப் பார்த்த பக்கத்து சீட்டுப் பெண், மலைமேல் தேவனூர் நாட்டுக்காரர், என்னை இசையமைப்பாளர் என்று நினைத்துவிட்டார். நானும் மறுக்கவில்லை.

"ஏனுங்கண்ணா, ஊட்டுலயே பாட்டு ரெக்கார்டு பண்ண சவுண்ட் கார்டு வாங்கப் போறனுங்க. கண்டென்சர் மைக் வெச்சிருக்கறனுங்க. கோயில் நோம்பிக்குள்ள பாட்டை முடிக்கோணும்."

போனில் இரண்டு படம் காட்டினார். இரண்டும் மலிவு. ஒன்றில் மட்டும் 48 வோல்ட் பட்டன்.

"இது எதுக்குங்க?"

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"நம்ம மலையில கரண்டு வந்து வந்து போவுது. இதுல நாப்பத்தெட்டு வோல்ட்டு வேற விட்டா மைக்கு புகைஞ்சிரும் கண்ணு. பட்டன் இல்லாததையே வாங்கு."

"நல்லவேளை சொன்னீங்கண்ணா!"

சோளக்காடு நிறுத்தத்தில் கம்பீரமாக இறங்கி, போனில் தேடினேன். அந்த 48 வோல்ட் இல்லாவிட்டால் கண்டென்சர் மைக் வாயே திறக்காதாம்.

பஸ் போய்விட்டது. பெயர்கூடக் கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

நாமக்கல் நண்பர்களே, கடையில் அவரைப் பார்த்தால் பட்டன் உள்ளதை வாங்கச் சொல்லுங்கள். நீங்கள் யார் என்று கேட்டால், "பஸ்ல வந்த ஆளை விட விவரம் தெரிஞ்சவன்" என்று சொல்லுங்கள். யார் சொன்னாலும் அது உண்மைதான்.