எடை பார்க்கும் நாள்

செம்பட்டி போகிற சாலையில், தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் பால்வாடியில் நான் டீச்சர். பத்தொன்பது வருஷமாகிறது. முட்டி தேய்ந்துவிட்டது, பொறுமையும்தான். சோறு ஊட்ட வேண்டும், பாட்டுச் சொல்லித் தர வேண்டும், எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, எழுதியதையே மறுபடி செல்போனில் ஏற்ற வேண்டும். மாதம் ஒரு நாள் எடை பார்க்க வேண்டும். குழந்தை இளைத்திருந்தால் மேலே இருப்பவர்கள் என்னைத்தான் கேட்பார்கள், ஏதோ நான்தான் அந்த வீட்டுச் சட்டியை வழித்துத் தின்றுவிட்ட மாதிரி.

போன வருஷம் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று வந்து சேர்ந்தது. அப்பா தூக்குப் போட்டுக்கொண்டு நாலு மாதம். ஊருக்கே தெரிந்த விஷயம். அம்மா விடியுமுன் மல்லிகை பறிக்கப் போவாள், வெயில் ஏறியதும் களையெடுக்கப் போவாள். குழந்தை பேசாது. சோறு ஊட்டினால் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கும்.

"அதுக்கு என்ன டீச்சர் தெரியும்? அவுக அப்பா திருப்பூர் போயிருக்காருன்னு சொல்லி வச்சிருக்கோம்" என்றாள் அம்மா. நானும் நம்பினேன். நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது.

எடை பார்க்கும் நாள் வந்தது. எங்கள் தராசு விட்டத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுவது. அடியில் கால்சட்டை மாதிரி ஒரு துணிப்பை. குழந்தையை அதில் உட்காரவைத்து, கால் தரையில் படாமல் தொங்கவிட்டு, முள்ளைப் பார்க்க வேண்டும். மற்ற பிள்ளைகளுக்கு அது ஊஞ்சல். இது மட்டும் கயிற்றைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டது. எனக்கோ அவசரம். "செத்த நேரம்தான்டீ" என்று தூக்கி மாட்டிவிட்டேன்.

கத்தும் என்று நினைத்தேன். கத்தவில்லை. மேலே கயிற்றைப் பார்த்தபடி விறைத்துப்போனது. கால் வழியே சிறுநீர் வடிந்தது. பிறகு, எங்கள் பால்வாடியில் முதன்முறையாகப் பேசியது.

"அப்பாவ எறக்கு."

இறக்கப் போனால் கொக்கி கழலவில்லை. சமையல் செய்யும் ஆயாதான் ஓடிவந்து இறக்கினார். எத்தனை பயிற்சிக்குப் போய் எத்தனை டீ குடித்திருக்கிறேன். எப்படிச் செத்தார் என்று தெரிந்தும், கயிற்றை நானே கட்டியும், எனக்கு உறைக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மத்தியானம் அம்மாவை வரச்சொல்லி நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மொதல்ல பாத்ததே அவதான் டீச்சர். நான் வரும்போது அவரு காலப் புடிச்சுக்கிட்டு நின்னா. நான் யாருகிட்டயும் சொல்லல."

எடை இன்னும் எழுதியாகவில்லை. கர்ப்பிணிகள் ஏறி நிற்கும் மெஷின் மூலையில் தூசி பிடித்துக் கிடந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவை ஏறச் சொன்னேன், பிறகு அவளை மட்டும். கழித்துப் பார்த்தால் குழந்தையின் எடை வந்துவிடும். காலையிலேயே இதைச் செய்திருக்கலாம். குழந்தை ஒன்பதரைக் கிலோ. அம்மா முப்பத்தாறு.

"நீ என்னதான் சாப்புடுறே?" என்றேன்.

"எறங்க மாட்டேங்குது டீச்சர். அவளுக்கு ஊட்டிட்டு, டீத்தண்ணி குடிச்சிட்டுப் போயிருவேன்."

நாலு மாதமாக அந்தக் குழந்தை தன் அம்மா சாப்பிடுவதைப் பார்த்ததே இல்லை. ஒரு தட்டில் சோறும் முட்டையும் வைத்து அவளிடம் நீட்டினேன். அது பிள்ளைகளுக்கான முட்டை, யார் வேண்டுமானாலும் கேட்கட்டும். "ஊட்டாத. நீ தின்னு" என்றேன். ஒரு வாய் வைத்தாள், மென்றாள், விழுங்குவதற்குள் அழுதுவிட்டாள். குழந்தை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. சோறு இறங்கியது என்று தெரிந்த பிறகு, அதுவும் வாயைத் திறந்தது.

"நாளைக்கும் வாரேன்" என்று சொல்லிப் போனாள். மறுநாள் வந்தாள். அதற்கடுத்த நாள் தூரத்துக் காட்டில் களையெடுப்பு, வர முடியவில்லை. சோறு பழையபடி குழந்தையின் கன்னத்திலேயே இருந்தது.

அம்மா வராத நாட்களில் நான் என் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டு குழந்தையின் எதிரே உட்காருகிறேன். பசிக்கிறதோ இல்லையோ, அது பார்க்கும்படி விழுங்குகிறேன்.