கரிசலில் விழுந்த மோதிரம்

ஐந்தாம் வகுப்பில் மண் பாடம் வந்தபோது, அதை என்னைவிட அக்கறையாகக் கேட்டுக்கொண்டவர் எங்கள் அத்தை. அப்பாவின் தங்கை, சிவகாசியில் ஓர் ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு நர்ஸ். அவருக்கு அப்போதுதான் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் மோதிரத்தைப் போட்டுவிட்டு, பந்தியில் உட்கார்ந்த பிறகுதான், கல்யாணத்துக்கப்புறம் வேலைக்குப் போகக் கூடாது என்றார்கள். வேலையை விட முடியாது என்று அத்தை எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "வாக்குக் குடுத்தாச்சு" என்று அப்பா முடித்துவிட்டார். அதற்குப்பின் அத்தை வீட்டில் என்னைத் தவிர யாரோடும் சரியாகப் பேசவில்லை.

பள்ளிக் கண்காட்சிக்காக நான் பாட்டில்களில் மண் சேர்த்துக்கொண்டிருந்தேன். ஆனைக்குட்டம் அணையோரம் வண்டல் அள்ள அத்தைதான் வண்டியில் கூட்டிப்போனார். செவல் மண் திரும்பி வரும் வழியிலேயே கிடைத்தது. கரிசலுக்கு அலையவே வேண்டாம். எம். புதுப்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கரிசல் காடுதான். பங்குனி வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

நான் வாத்தியார் தோரணையில் அளந்துவிட்டேன். பாறை காலங்காலமாக வெயிலிலும் மழையிலும் நொறுங்கித்தான் மண்ணாகிறது. செவலில் இரும்பு இருப்பதால் சிவப்பு. கரிசலில் களி அதிகம், நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும்.

"இந்த வெடிப்பு எம்புட்டு ஆழம் போகும்?" என்றார் அத்தை.

"ஆள் ஒசரங்கூடப் போகுமாம்."

"செவல்ல இப்படி வெடிக்காதோ?"

"வெடிக்காது அத்தை."

அத்தை வெடிப்புக்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சி முழுசாக உள்ளே போய்விட்டது. இப்படியொரு ஆர்வமான மாணவி எனக்கு அதன்பின் வாய்க்கவில்லை.

கொஞ்ச நாளில் மோதிரம் தொலைந்தது. வார்டில் மோதிரம் போடக் கூடாது, கழற்றிக் கைக்குட்டையில் முடிந்திருந்தேன், காட்டுக்குள் குறுக்கே வரும்போது முகம் துடைக்க உதறினேன், வெடிப்புக்குள் போய்விட்டது என்றார் அத்தை. அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அப்பாவும் சித்தப்பாவும் கடப்பாரையோடு ஓடினார்கள். அப்பா பட்டாசுக் கம்பெனி போர்மேன், சித்தப்பாவுக்கு அச்சாபீஸ். இருவருக்கும் மருந்தும் மையும் தெரியும், மண் தெரியாது. காய்ந்த கரிசல் கல்லாக இருந்தது. சித்தப்பாவின் உள்ளங்கை கொப்புளித்ததுதான் மிச்சம்.

"தண்ணி விட்டா மண்ணு இளகும்லண்ணே?" என்றார் அத்தை, பாவமாக.

"ஐயையோ, தண்ணி..." என்று வாயைத் திறந்தேன். அத்தை ஒரு பிடி காராச்சேவை என் வாயில் திணித்து, "பிள்ளைக்குப் பசிக்கி போல" என்றார். நான் மென்று விழுங்குவதற்குள் மோட்டார் தண்ணீர் பாய்ந்துவிட்டது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் காடு சேறாக உப்பி, எங்கே வெடிப்பு இருந்தது என்றே தெரியாமல் மூடிக் கிடந்தது.

மாப்பிள்ளை வீட்டாருக்குத் தகவல் போனது. சகுனம் பார்ப்பது பாவம் என்று பிரசங்கம் கேட்டு, ஞாயிறுதோறும் ஆமென் சொல்கிறவர்கள்தான். ஆனாலும் நிச்சய மோதிரத்தை மண் விழுங்கிவிட்டதென்றால் பயம் வராமல் இருக்குமா? வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்கு வீடே இழவு வீடாக இருந்தது. அத்தை மூலையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அழாதீக அத்தை. கரிசல் தன்னைத்தானே பொரட்டிக்கிடுமாம். உள்ள போனது என்னைக்காச்சும் மேல வந்துருமாம். எங்க டீச்சர் சொன்னாக."

குலுங்கல் சட்டென்று நின்றது. அத்தை முந்தானையை விலக்கினார். கண்ணில் பொட்டு ஈரமில்லை; அழுதழுது வற்றிப்போய்விட்டது போலும்.

"எம்புட்டு நாளாகும்?"

"ரொம்ப வருசமாகும். நீங்க கிழவியாயிருவீக."

அத்தை என்னை இழுத்து அணைத்துக் கன்னத்தில் மாறி மாறி முத்தம் கொடுத்தார். பிறகு எழுந்து போய், மறுநாள் டூட்டிக்கு வெள்ளை யூனிபார்மை இஸ்திரி போட ஆரம்பித்தார். கிழவியான பிறகு மோதிரம் கிடைத்து என்ன பிரயோசனம், அதற்குப் போய் இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கு விளங்கவே இல்லை.