சுவரிலிருந்து நான் கழற்றிய தாள்

மின்வெட்டுக்கு அட்டவணை போட்டு, கொழும்பின் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எழுத்துக் கொடுத்திருந்த காலம் அது. கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய தனியார் கண் வைத்திய நிலையத்தில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை செய்துகொண்டிருந்தேன். வங்கியொன்றின் கணினிப் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், அங்கே இருந்த ஒரேயொரு சேர்வரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. வெள்ளவத்தையிலிருந்து ரயிலில் கோட்டைக்குப் போய், பஸ் கிடைத்தால் பஸ்ஸில், இல்லாவிட்டால் நடந்து போவேன். எழுபது வயதிலும் என்னைத் தேடுகிறார்களே என்ற பெருமையில் களைப்புத் தெரியவில்லை.

அந்தச் சேர்வரில் பல வருடத்து நோயாளர் விபரங்கள் இருந்தன. யாருக்கு எப்போது கண் அழுத்தம் எவ்வளவு இருந்தது, விழித்திரைப் படம், எல்லாம் அதில்தான். அவை அழியாமல் இருக்க இரண்டு வேலைகளைத் தானாக நடக்கும்படி நேரம் குறித்து வைத்திருந்தேன். மத்தியானம் பன்னிரண்டே காலுக்கு, எல்லோரும் சாப்பிடப் போகும் நேரத்தில், விபரம் முழுவதும் பக்கத்தில் செருகியிருந்த இன்னொரு டிஸ்க்கில் பிரதியாகும். பின்னேரம் நாலு மணிக்கு, ஏழு நாளுக்கு மேல் பழசான பிரதிகள் அழிக்கப்படும். இடம் நிறைந்துவிடக் கூடாது என்பதற்காக.

யூபிஎஸ் பற்றரி பழுதாகி, புதிது எங்கும் கிடைக்கவில்லை. கரண்ட் போனால் பத்து நிமிடம்கூடத் தாங்காது. அதனால் போவதற்கு முன்னமே சேர்வரை முறையாக மூட வேண்டியிருந்தது. தினமும் அந்த நேரத்தில் அதை மூட, வரவேற்பில் இருந்த பெண்மணிக்குப் பழக்கிவிட்டேன். நோயாளிகளுக்கு நம்பர் கொடுப்பது, தேத்தண்ணி ஊற்றுவது, தரை துடைப்பது எல்லாம் அவர்தான். ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கலியாணமாகி கொட்டாஞ்சேனைக்கு வந்தவர். கணவர் இறந்துவிட்டார். ஒரு மகள் மட்டும். மூட வேண்டிய நேரத்தை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, சேர்வருக்கு மேலே சுவரில் ஒட்டினேன். இரண்டே கால் என்று.

பிறகு அட்டவணை மாறியது. எங்கள் பகுதிக்கு இனிப் பன்னிரண்டு இருபதுக்குக் கரண்ட் போகும் என்றார்கள். பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, 'பன்னிரண்டு ஐந்துக்கு மூடவும்' என்று புதிதாக எழுதி ஒட்டினேன். பன்னிரண்டே காலுக்கு நானே குறித்து வைத்திருந்த வேலை என் நினைவுக்கு வரவேயில்லை. மூடிக் கிடக்கும் சேர்வரில் எந்தப் பிரதியும் எடுபடாது. ஆனால் நாலு மணிக்குக் கரண்ட் வந்து சேர்வர் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. அழிக்கிற வேலை மட்டும் ஒழுங்காக நடந்தது.

நாலைந்து நாள் கழித்து, நான் போகப் புறப்பட்ட நேரம் அந்தப் பெண்மணி வந்து நின்றார். அந்த டிஸ்க்குக்குப் பக்கத்து மேசையில் இருந்துதான் அவர் மத்தியானம் சாப்பிடுவார்.

"சார், சாப்பிடுற நேரம் அந்த லைட்டு பச்சையா விட்டுவிட்டு எரியும்ல. இப்ப எரியிறதில்லீங்க."

அவர் சொன்னதை நான் முழுதாகக் கேட்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிறது என்ற அவசரம். அதைவிட, தரை துடைக்கிறவர் எனக்குக் கணினி சொல்லித் தருவதா என்ற எண்ணம். தோட்டத்து ஆட்களைக் குறைவாகப் பார்க்கும், யாழ்ப்பாணத்தானான எனக்குள் இருக்கும் அந்த எண்ணத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

"நீங்கள் தேத்தண்ணியைப் பாருங்கோ. லைற்றை நான் பாக்கிறன்," என்று சொன்னேன். அங்கே நின்ற, மருந்து கொடுக்கும் பெண் சிரித்தாள். வரவேற்புப் பெண்மணியும் கொஞ்சம் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்கடுத்த வாரம் ஒருநாள், நான் வராத நாள், கரண்ட் வந்து சேர்வரைத் திரும்பப் போட்டபோது அது எழும்பவில்லை. உள்ளே இருந்த டிஸ்க் செத்துவிட்டது. டொக்டர் போன் எடுத்தார். பயப்பட வேண்டாம், பிரதி இருக்கிறது என்று வீட்டிலிருந்தபடி தைரியம் சொன்னேன்.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் போனேன். அந்தப் பெண்மணி மட்டும் வந்து முன்பக்கத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். வெளி டிஸ்க்கை என் மடிக்கணினியில் செருகிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒரு பிரதிகூட இல்லை. சுவரில் இருந்த தாளைப் பார்த்ததும் நடந்ததெல்லாம் விளங்கிவிட்டது.

அப்போது நான் செய்ததைத்தான் இங்கே சொல்ல வந்தேன். செலோடேப்பை நகத்தால் மெல்ல மெல்லக் கிளப்பி, சுவரில் அடையாளம் தெரியாமல் அந்தத் தாளைக் கழற்றி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

டொக்டர் வந்து விசாரித்தார். கோபக்காரர் அல்ல. ஏன் பிரதி எடுபடவில்லை என்று கேட்டார். அந்த நேரத்தில் சேர்வர் மூடப்பட்டிருந்திருக்கிறது என்றேன். அந்தப் பெண்மணியைக் கூப்பிட்டு, ஏன் அந்த நேரத்தில் மூடினீர்கள் என்று கேட்டார்.

"சார்தாங்க நேரத்த எழுதி ஒட்டியிருந்தாரு."

டொக்டர் சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பன்னிரண்டே காலுக்குப் பிரதி எடுபட்ட பிறகு மூடத்தான் நான் சொன்னேன்," என்றேன்.

அந்தப் பெண்மணி ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார். வாக்குவாதப்படவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு தன் வேலைக்குத் திரும்பிப் போனார். செத்த டிஸ்க்கை பம்பலப்பிட்டியில் ஓரிடத்தில் கொடுத்துப் பார்த்தோம். ஒன்றும் மீளவில்லை. நோயாளிகள் பலர் பழைய பரிசோதனைகளையெல்லாம் திரும்பச் செய்ய வேண்டி வந்தது. அந்த மாதக் கடைசியில் அவரை நிறுத்திவிட்டார்கள்.

மேலும் ஒரு வருடம் அங்கே வேலை செய்தேன். உடம்பு முடியாமல் நான் விலகிய நாளில் சின்னதாக ஒரு பிரியாவிடை வைத்தார்கள். இவ்வளவு காலத்தில் சேரின் கையால் ஒரு பிழை நடக்கவில்லை என்று டொக்டர் எல்லோருக்கும் முன்னால் சொன்னார். கையிலிருந்த கேக் துண்டைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டேன். எல்லோரும் போன பிறகு அவருடைய அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இதை என்னட்டச் சொல்லி என்ன சேர்? அவவிட்டப் போய்ச் சொல்லுங்கோ," என்று விலாசத்தை எழுதித் தந்தார்.

கொட்டாஞ்சேனையிலேயே ஒரு குறுகிய ஒழுங்கைக்குள் இருந்தது அந்த வீடு. கதவைத் திறந்தது மகள். இருபது வயதிருக்கும். அம்மா இல்லை, வீட்டு வேலைக்கு குவைத்துக்குப் போய்ப் பத்து மாதமாகிறது என்றாள். நான் யாரென்று சொன்னதும் கதிரையைத் தூசி தட்டிப் போட்டாள். இருக்க மனமில்லாமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தாளைக் கழற்றியதையும் சொன்னேன்.

அவள் ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசவில்லை.

"அம்மா அன்னைக்கே சொன்னாங்க சார். நீங்க அந்தத் தாளக் கழட்டுறத கதவுகிட்ட நின்னு பாத்தேன்னு சொன்னாங்க. நான்தான் நம்பல. படிச்ச மனுசர், வயசானவர், அப்பிடிச் செய்வாரா, ஒங்க பிழைய அவர் தலையில போடாதீங்கன்னு ஏசுனேன். ஏர்போட்டுக்குப் போற அன்னைக்கும் அவங்களோட சரியாக் கதைக்கல்ல."

போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். இதில் சொல்லுங்கள், அம்மாவுக்கு அனுப்புகிறேன் என்றாள். வேலை செய்யும் வீட்டில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம், வெள்ளிக்கிழமையில்தான் கொடுப்பார்களாம். தாளை நான்தான் எழுதினேன், நான்தான் கழற்றினேன், உங்களில் ஒரு பிழையும் இல்லை என்று சொன்னேன். நான் முடித்த பிறகு அவளும் ஏதோ சொல்ல போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள். முடியாமல் கீழே வைத்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை நானே மகளுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். அம்மா கேட்டுவிட்டாராம். என்ன சொன்னார் என்றேன்.

"ஒண்ணும் சொல்லல்ல சார். சார் சொன்னத நீயும் கேட்டியான்னு மட்டும் என்னக் கேட்டாங்க."

நான் சொன்ன பொய் டொக்டரின் அறையோடு முடிந்துவிட்டதென்று ஒரு வருடம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அது அந்தப் பெண்மணியின் வீட்டுக்குள்ளும் போய், பெற்ற மகளுக்கு முன்னால் அவரைப் பொய்க்காரியாக்கி வைத்திருந்தது என்று நினைக்கும்போது, எனக்கு மன்னிப்புக் கேட்கும் தகுதியாவது இருக்கிறதா என்று இன்றுவரை தெரியவில்லை.